வேர்மண்ணின் ஈரமும் அதனை அளந்தறியும் முறையும்

(நம் சங்கத்தின் உழவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

 உழவுக்குரிய பொருள் ஒன்றைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு சங்கச் செயலாளர் அவர்கள் எனக்குப் பணித்தார்கள். யான் தமிழ் கற்பிக்கும் தொழிலினன். வேளாண்மை நூலையோ மின்னியல் நூலையோ கல்லூரியிற் பயின்றவன் அல்லேன். எனினும், உழவின் சிறப்பைக் கூறும் பாடல்களை ஆண்டுதோறும் உழவர் மக்களுக்கு உரைத்து வரும் ஓர் ஆசிரியன், அம்மக்களுடைய பெற்றோரின் நிலத்தில் நீர் என்னாகின்றது என்பதை அறியாதிருத்தல் முறையன்று எனக் கருதி, இத்துறை வல்லார் எழுதியவற்றை இயன்ற மட்டும் கற்று வந்தேன். அவற்றுள் நம்மவர்க்குப் பயன்படுவன எனத் தோன்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துரைக்கின்றேன்.

நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணறு இறக்குவதற்கு முன் நீரோட்டம் பார்க்கும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. வேப்பங்கவட்டையைக் கையிற் பிடித்து நடப்பாரும், உள்ளங்கையில் தேங்காயை வைத்துப் பார்ப்பாரும் இன்றும் உளர். அவர்களேயன்றி, நிலவியல் கற்றார் சிலரும், அரசினரின் வேளாண்மைப் பொறியியல் துறையினரும், இரும்புக் கம்பிகள் நான்கினை நேர்வரிசையில் நட்டு, அவற்றின் வழியே மின்சாரம் செலுத்தி, ஒரு பெட்டியிற் காணும் எண்களைக் குறித்துக்கொண்டு போதலையும் நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். கம்பிகளின் இடைவெளி பெருகப் பெருக ஆழத்தில் உள்ள பாறையின் இயல்பு புலப்படும். ஆதலின் அவர்கள் கம்பிகளைத் தொலைவிற் கொண்டு சென்று நடுவர். அக்கருவி நம் நிலத்திற்கு வந்தபோதெல்லாம் ஆழத்து நீரை எடுத்தற்பொருட்டே வந்தது. கம்பிகளை ஒரு மீட்டர் இடைவெளியில் நெருக்கி நட்டால், அம்முறையே வேர் பரவும் மண்ணில் இப்பொழுது ஈரம் எவ்வாறு பரந்துள்ளது என்பதற்கும் குறிப்புத் தரும். அதன்பொருட்டு அதனை அழைத்தவர் நம்முள் அரியர். நீர் தேடுதற்குச் செலவிடும் பொருளில் ஒரு சிறு பங்கை, முன்னரே மண்ணில் நிற்கும் நீரை அறிதற்கும் செலவிடுதல் வேண்டும். இதனை வற்புறுத்துதலே என் பேச்சின் நோக்கம்.

இதனை இப்பொழுது வற்புறுத்துவது எற்றுக்கு எனின், கூறுவேன். 2023ஆம் ஆண்டில் இந்திய அரசினர் வெளியிட்ட நிலத்தடி நீர் மதிப்பீட்டின்படி, நாடு முழுமையும் ஓராண்டில் நிலத்தினின்று எடுக்கப்படும் நீரில் நூற்றுக்கு 87 பங்கு பாசனத்திற்கே செல்கின்றது. ஆகவே நிலத்தடி நீர் குறைதற்கும் வளர்தற்கும் பெரும்பொறுப்பு உடையவர் உழவரே. தமிழ்நாட்டில் உழவர்க்கு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. அது பேருதவியே, ஆயினும் இறைக்கும் நீருக்கு விலை இன்மையால், எவ்வளவு இறைத்தோம் எனக் கேட்பாரும் இல்லாமற் போயினர். விலை வேறு வழியாக வருகின்றது. 600 அடியிற் கண்ட நீர் 1,000 அடியிலும் காணாமற் போகும்போது, வீட்டுப் பெண்டிரின் நகை அடகுக்குச் செல்கின்றது. மகனின் படிப்பு நடுவே நிற்கின்றது. பாட்டனார் ஈட்டிய நிலத்தில் ஒரு பங்கு கைமாறுகின்றது. கிணற்றுக் கடனால் நொடிந்த குடும்பம் ஒன்றேனும் இல்லாத ஊரை நம் சங்க எல்லையுள் காட்டுதல் அரிது. இக்கேடு முழுமையும் ஒரு கருவியால் நீங்கிவிடும் என்று யான் கூறேன். ஆயினும் இறைத்த நீரில் எவ்வளவு பயிருக்குச் சென்றது, எவ்வளவு வீணே கீழிறங்கியது என்பதை அறியாமலே மேலும் மேலும் துளையிடுதல், ஓட்டைக் குடத்தை அடையாமல் கிணற்றடிக்கு நடத்தலை ஒக்கும்.

இனி, ஈரம் என்பது யாது என்று முதற்கண் தெளிதல் வேண்டும். மண் என்பது சிறு மணிகளின் தொகுதி. மணிகளின் இடையே நுண்ணிய வெளிகள் உள. அவ்வெளிகளில் நீரும் காற்றும் பங்கிட்டு இருக்கும். பாசனம் செய்தவுடன் வெளிகள் நீரால் நிறையும். இரண்டொரு நாளில் மிகுநீர் கீழிறங்கிவிட, மண் தன் ஆற்றலாற் பற்றி வைத்துக்கொண்ட நீர் மட்டும் எஞ்சும். இதனை நிலத்தின் கொள்திறன் என்பர். பயிர் அதனைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். ஒரு நிலைக்குக் கீழே மண்ணில் நீர் இருப்பினும் வேரால் அதனைப் பிரித்தெடுத்தல் இயலாது. பயிர் வாடி மீளாது. இதனை வாடல் நிலை என்பர். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட நீரே பயிருக்கு உரியது.

இந்நிலைகள் எல்லா மண்ணிற்கும் ஒன்றல்ல. மணற்பாங்கான மண் தன் பருமனில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பங்கு நீரையே பற்றி நிற்கும். 4 அல்லது 5 பங்கில் வாடல் நிலை எய்தும். களிமண்ணோ 40 பங்கு வரை பற்றும். ஆயின் 25 பங்கு நீர் இருக்கும்போதே அதில் பயிர் வாடத் தொடங்கும். ஆகவே 20 பங்கு ஈரம் என்னும் ஒரே அளவு, மணலில் வெள்ளமாகவும் களியில் வறட்சியாகவும் முடிகின்றது. நம் முன்னோர் இதனை 'அளவு' என்று கூறாது 'பதம்' என்றே கூறினர். உழவுக்குப் பதம், விதைப்புக்குப் பதம், சோற்றுக்குப் பதம் என்பனவெல்லாம், இப்பொருளுக்கு இந்நேரத்தில் ஏற்ற நிலை என்பதையே குறிக்கின்றன. கருவி அளவைத் தரும். அவ்வளவிலிருந்து பதத்தை உணர்தல் மண்ணை அறிந்தவர்க்கே கூடும். இவ்வேறுபாட்டை இறுதிவரை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

திருக்குறளில் உழவு என்னும் அதிகாரத்தில், உழுத புழுதியை அதன் நிறை நாலில் ஒன்றாகுமாறு உலர விட்டால் எருவும் வேண்டாது பயிர் செழிக்கும் என்னும் கருத்து உள்ளது. உலர்தலை நிறையாற் கூறிய அந்நயம் என்னை நெடுநாள் சிந்திக்கச் செய்தது. இதனைக் கொண்டு, இக்காலத்துக் கருவிகளையெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று முழங்குதல் பொருந்தாது. அப்பா உழவின் அருமையை உணர்த்த எழுந்தது, நீரளவைக்கு எழுந்ததன்று. ஆயினும், ஈரத்தை அறிதற்கு இன்றளவும் உலகெங்கும் அடிப்படையாகக் கொள்ளப்படும் முறையும் நிறுத்தறிதலே. மண்ணைத் துளைத்தெடுத்து, உடனே நிறுத்து, 105 பாகை வெப்பத்தில் ஒரு நாள் முழுதும் உலர்த்தி, மீண்டும் நிறுத்தல் வேண்டும். ஈரமாக 120 கிராம் இருந்த மண் உலர்ந்து 100 கிராம் ஆயின், நிறையில் நூற்றுக்கு 20 பங்கு நீர் என்பது பெறப்படும். அம்மண்ணின் செறிவு 1.4 ஆயின், பருமனில் அது 28 பங்காகும்.

இம்முறை பிழையற்றது, ஆனால் ஒரு துளை ஓர் இடத்தையே கூறும். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் மேட்டுப் பகுதி ஒன்று, பழைய வாய்க்கால் மூடிய பகுதி ஒன்று, பாறை மேலெழுந்து நிற்பது ஒன்று, செம்மண் முடிந்து கரிசல் தொடங்கும் இடம் ஒன்று எனப் பல்வேறு இயல்புகள் உள. எல்லாவற்றிற்கும் துளையிட்டு நிறுக்கப் புகின் பயிரும் காலமும் அழியும். ஆதலின், மண்ணை எடுக்காமலே அதன் ஈரத்தைக் குறிப்பால் உணர்த்தும் வேறோர் இயல்பைத் தேட வேண்டியதாயிற்று. அவ்வியல்பே மின்சாரத்தை மண் தாங்கும் விதம்.

உலர்ந்த மணி மின்சாரத்தை எளிதில் விடாது. மணிகளின் இடையே உள்ள நீரும், அந்நீரிற் கரைந்த உப்புகளுமே அதற்கு வழி விடுவன. ஈரக் களியில் மின்தடை மிகச் சிறிதாகவும், உலர்ந்த மணலில் அதனினும் நூறு மடங்கு, ஒரோவழி அதற்கு மேலும் இருத்தல் காணலாம். 1912ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து நார்மண்டிப் பகுதியில், கான்ராட் ஷ்லும்பர்ஜே என்னும் பேராசிரியர், நிலத்தில் மின்சாரம் செலுத்தி அது பரவும் விதத்தைப் படமாக வரைந்தார். 1915ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிராங்க் வென்னர் என்பார், நான்கு கம்பிகளைச் சம இடைவெளியில் நடும் முறையை வகுத்தார். புறத்தே உள்ள இரண்டு கம்பிகளின் வழியே மின்சாரம் செல்லும். அகத்தே உள்ள இரண்டின் இடையே மின்னழுத்த வேறுபாடு அளக்கப்படும். அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, இடைவெளியாற் பெருக்கி, மேலும் 6.28 ஆற் பெருக்கினால் மண்ணின் தடைத்திறன் கிடைக்கும். இடைவெளி ஒரு மீட்டராகவும், வகுத்து வந்த ஈவு 8 ஓமாகவும் இருப்பின், தடைத்திறன் ஏறத்தாழ 50 ஓம்-மீட்டர். ஒரு மீட்டர் இடைவெளியில் நடும்போது ஏறக்குறைய அரை மீட்டர் ஆழம் வரை உள்ள மண்ணின் இயல்பே பெரிதும் வெளிப்படும். பெரும்பாலான பயிர்களின் வேர் மிகுதியும் பரவி நிற்பதும் அவ்வாழத்திலேயே.

இந்த எண்ணை அப்படியே ஈரம் என்று கொள்ளலாமோ எனின், கூடாது. இவ்விடத்தில் இடறினோர் பலர். அமெரிக்க எண்ணெய்த் துறைப் பொறியாளர் ஆர்ச்சி என்பார் 1942ஆம் ஆண்டில் தடைத்திறனுக்கும் நீரளவுக்கும் உள்ள தொடர்பை ஒரு வாய்பாட்டால் காட்டினார்; ஆயின் அது களி கலவாத மணற்பாறைக்கே நன்கு பொருந்துவது. நம் நிலத்திலோ களியும் தானே மின்சாரத்தைக் கடத்தும், உப்பும் கடத்தும், வெப்பம் ஒரு பாகை ஏறினால் கடத்தும் ஆற்றல் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு ஏறும். களர் படிந்த மூலை ஒன்று, உண்மையில் வறண்டிருந்தும், படத்தில் ஈரம் மிக்க இடம் போலத் தோன்றும். கரிசல் வெடித்த காலத்தில் கம்பி மண்ணைச் செவ்வையாகத் தொடாது. சிறிது நீர் ஊற்றி நட வேண்டும். வெடிப்புகளே அளவைக் குலைத்தலும் உண்டு. ஆகவே கருவியைக் கொண்டு வந்து ஒரு நாள் மட்டும் அளந்து, வண்ணப்படம் ஒன்றைத் தந்து, இதுவே உம் நிலத்தின் ஈரம் என்று கூறிப் பொருள் பெறுவார் இருப்பின், அவர் சொல்லை முழுதும் நம்பற்க.

இவ்விடர்க்கு மாற்று உண்டு. ஒரே இடத்தில் இருமுறை அளத்தலே அது. பாசனத்திற்கு முன் ஒருமுறையும், பாசனம் செய்து இரண்டு நாள் கழித்து ஒருமுறையும் அளந்தால், அவ்விடைவேளையில் களி மாறாது. உப்பும் பெரும்பாலும் மாறாது. வெப்ப வேறுபாட்டைக் கணக்கிட்டு நீக்கிவிடலாம். நீரே மாறியது. ஆதலின் இரண்டாவது அளவுக்கும் முதலாவது அளவுக்கும் உள்ள வேறுபாடு, நீர் எங்கே சேர்ந்தது, எங்கே சேரவில்லை என்பதைக் காட்டும். பாசன நீரிலேயே உப்பு மிகுந்திருப்பின் அதனையும் அளந்து கணக்கிற் சேர்த்தல் வேண்டும். இதனோடு நாலைந்து இடங்களில் மண்ணைத் துளைத்து நிறுத்துப் பார்த்துவிட்டால், எண்கள் ஈர அளவாக மாறும். நிறுத்தறியும் பழைய முறை இவ்வாறு புதிய முறைக்கு உரைகல்லாக நிற்கின்றது.

கம்பி நடாமலே அளக்கும் கருவிகளும் உள. ஜியோனிக்ஸ் என்னும் கனடா நாட்டு நிறுவனத்தார் செய்த ஒரு மீட்டர் நீளமுள்ள கோல் போன்ற கருவியில் இரண்டு கம்பிச்சுருள்கள் உள. ஒரு சுருள் மண்ணில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். மற்றொன்று அதன் எதிரொலியை உணரும். நிமிர்த்திப் பிடித்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆழமும், சாய்த்துப் பிடித்தால் முக்கால் மீட்டர் ஆழமும் புலப்படும். அதனைத் தாங்கிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தால் ஒரு பகலில் பல ஏக்கர் அளக்கலாம். அதன் விலை பல லட்சம் ரூபாய். இரும்பு வேலியும் குழாயும் மோட்டார்க் கம்பியும் அருகிருப்பின் அது மயங்கும்.

மற்றொன்று நிலம் ஊடுருவும் ராடார். மின்காந்த அலை காற்றில் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 சென்டிமீட்டர் செல்லும். உலர்ந்த மணலில் அது 15 சென்டிமீட்டராகவும், நன்கு நனைந்த மண்ணில் 6 சென்டிமீட்டராகவும் குறையும். ஆகவே அலையின் வேகத்தை அளந்தால் நீரின் அளவை அறியலாம். இதே அடிப்படையில், கனடா நாட்டு அறிஞர் டாப்பும் அவருடன் உழைத்த இருவரும் 1980ஆம் ஆண்டில், மண்ணிற் செருகிய கம்பிகளின் வழியே அலை சென்று மீளும் நேரத்தைக் கொண்டு ஈரத்தைக் கணிக்கும் முறையை வகுத்தளித்தனர். ராடார் மணற்பாங்கான நிலத்தில் நன்கு பயன்படும்; களி மிகுந்த கரிசலில் அலை விரைவில் அடங்கிவிடும்.

கலிபோர்னியாவில் கொடிமுந்திரித் தோட்டங்களில் பெர்க்கிலி அறிஞர்கள் இந்த ராடாரைக் கொண்டு பருவம் முழுதும் பலமுறை ஈரப்படம் வரைந்து, 2002ஆம் ஆண்டு முதல் அவற்றை வெளியிட்டனர். அவர்கள் கண்ட செய்தி நமக்கு மிகவும் வேண்டியது. மழைக்காலத்தில் தோட்டம் முழுதும் ஈரம் ஏறியது. கோடையில் முழுதும் இறங்கியது. ஆனால் ஈரம் மிக்க பகுதி என்றும் மிக்கதாகவும், குறைந்த பகுதி என்றும் குறைந்ததாகவும் பெரும்பாலும் தம் வரிசை மாறாது நின்றன. மண்ணின் மணியமைப்பே இதற்குக் காரணம் எனக் கண்டனர். வாஷோ என்னும் அறிஞரும் அவர் கூட்டத்தாரும் 1985ஆம் ஆண்டிலேயே இவ்வியல்பை எடுத்துக் காட்டி, நிலம் முழுதின் சராசரியை ஏறத்தாழத் தரும் இடங்கள் ஒவ்வொரு நிலத்திலும் சில இருத்தலை உணர்த்தினர். இதன் பயன் யாது? விலையுயர்ந்த கருவி ஒரு முறை, அல்லது இரு முறை வந்தாற் போதும். படம் வரைந்த பின்னர், சராசரியைத் தரும் ஓரிடம், மிக வறண்ட ஓரிடம், மிக ஈரமான ஓரிடம் என மூன்றைக் குறித்து வைத்துக்கொண்டு, அவற்றை மட்டும் எளிய கருவியால் பார்த்து வந்தால் தோட்டம் முழுதின் நிலை தெரியும்.

அவ்வெளிய கருவியும் நமக்குத் தொலைவில் இல்லை. 1912ஆம் ஆண்டு முதல் கோயமுத்தூரில் நடைபெற்று வரும் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தார், மண்ணிற் செருகினால் ஈரத்தை நிற விளக்குகளாற் காட்டும் கைக்கருவி ஒன்றை அமைத்துள்ளனர். நீலம் தோன்றின் ஈரம் மிகுதி, பச்சையாயின் போதியது, செம்மஞ்சளாயின் குறைவு, சிவப்பாயின் உடனே நீர் வேண்டும். எழுத்தறியாதாரும் இதனைக் கண்டு நடக்கலாம். ஆனால் எங்கே செருகுவது என்பதைப் படமே சொல்லும். படமின்றிக் கண்ட இடத்தில் செருகினால், வயலின் ஒரு மூலையின் வறட்சியைக் கண்டு வயல் முழுதிற்கும் நீர் விடும் பழைய நிலையே எய்தும்.

விண்ணிலிருந்து அறியும் முறைகளும் வந்துள்ளன. 2015ஆம் ஆண்டில் அமெரிக்கர் செலுத்திய செயற்கைக்கோள், ஏறத்தாழ 40 கிலோமீட்டர்ப் பரப்பை ஓர் அளவாகக் கொண்டு ஈரத்தைக் கூறுவது. ஒரு வட்டத்திற்கு அது போதும், ஒரு வயலுக்குப் போதாது. 2025ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த நைசார், இந்திய அமெரிக்க அறிஞர் இணைந்து செய்தது. அதனினும் மிக நுண்ணிய பரப்பை நோக்க வல்லது. எனினும் விண்கோள் காண்பது மண்ணின் மேற்பரப்பில் ஒரு சிறு ஆழமே. அதன் சொல்லை வயலில் நின்று சரிபார்க்க வேண்டும். நீலகிரிக்கு வடக்கே, குண்டலுப்பேட்டை வட்டத்துப் பேரம்பாடியில், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தார் பிரெஞ்சு அறிஞரோடு கூடி, உழவர் வயல்களிலேயே ஈரத்தை ஆண்டுக்கணக்காக அளந்து விண்கோளின் அளவோடு ஒப்பிட்டு வந்தனர். நமக்கு அண்மையில் உள்ள அவ்விடத்தை நம் இளைஞர் சிலர் சென்று காணுதல் நன்று.

இனி, பயன் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் 60 சென்டிமீட்டர் ஆழ மண்ணில், பயிருக்கு வேண்டியதற்கு மேல் பருமனில் நூற்றுக்கு 5 பங்கு நீர் மிகையாக நிறைத்தோம் எனக் கொள்வோம். அது 30 மில்லிமீட்டர் நீருக்குச் சமம். அதாவது ஏறத்தாழ 1,21,000 லிட்டர். நொடிக்கு 5 லிட்டர் தள்ளும் மோட்டார் அதனை இறைக்க ஆறு மணி நேரத்திற்கு மேல் ஓட வேண்டும். ஒரு தண்ணீர்க்கே இவ்வளவாயின், ஒரு போகத்திற்கு எவ்வளவு என்பதை நீங்களே பெருக்கிக் கொள்க. அம்மிகை நீர் சும்மா இறங்குவதில்லை. இட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு வேருக்குக் கீழே செல்லும்.

இதனைச் செயலிற் கொணரும் முறையை நான்கு படிகளாகக் கூறுவேன்.

முதலாவது, வயலில் நாள்தோறும் நீர் பாய்ச்சுவாரை உடன் வைத்துக்கொண்டு, எங்கே நீர் விரைவில் உறிஞ்சப்படும், எங்கே தேங்கும், எங்கே பயிர் முதலில் வாடும் என்பவற்றைத் தாளில் ஒரு படமாக வரைக.

இரண்டாவது, பத்து மீட்டருக்கு ஓரிடமாக, ஏக்கருக்கு ஏறத்தாழ 40 இடங்களில், பாசனத்திற்கு முன்னும் பின்னும் மின்தடையை அளப்பிக்க. வேளாண்மைக் கல்லூரி மாணவரும் நிலவியல் மாணவரும் இதனைத் தம் பயிற்சியாகக் கொண்டு செய்ய முன்வரக் கூடும். சங்கம் அவர்க்கு எழுதிக் கேட்டல் வேண்டும்.

மூன்றாவது, அப்படத்தைக் கொண்டு நாலைந்து இடங்களில் துளையிட்டு மண்ணை நிறுத்துச் சரிபார்க்க. ஒரு நல்ல தராசும் ஓர் உலர்த்தும் பெட்டியும் சங்கக் கட்டடத்தில் இருப்பின் பல ஊர்க்கும் உதவும்.

நான்காவது, வயலை ஈரத்தின் இயல்புக்கு ஏற்ப இரண்டு மூன்று பகுதிகளாக்கி, ஒவ்வொன்றிற்கும் தனித்தனி வால்வு வைத்து, வேறு வேறு நேரத்தில் வேறு வேறு அளவில் நீர் விடுக. சொட்டுநீர்க் குழாய் இட்டவரும் தோட்டம் முழுதிற்கும் ஒரே நேரம் திறந்து ஒரே நேரம் மூடுவராயின், குழாயின் பயனில் பாதியை இழந்தவராவர்.

இனிக் கூறப்போவது சிலர்க்குக் கசப்பாக இருக்கலாம். ஆயினும் நம் சங்கத்திற் கூறாமல் வேறெங்குக் கூறுவேன்?

முதற்படியில், வயலில் நீர் பாய்ச்சுவாரை உடன் வைத்துக்கொள்க என்றேன். அவர் யார்? நம்மிற் பலருடைய தோட்டங்களில் அவர் நம் குலத்தார் அல்லர். மடை திறப்பதும் அடைப்பதும், நள்ளிரவில் மின்சாரம் வந்தபோது எழுந்து செல்வதும் அவரே. எந்தப் பாத்தியில் கால் புதையும், எந்தப் பாத்தியில் புதையாது என்பது நில உரிமையாளராகிய நம்மினும் அவர்க்கு நன்கு தெரியும். படம் வரையும் நாளில் அவரை வரப்பின்மேல் நிறுத்திவிட்டு, கருவி கொணர்ந்தவரும் உடையவரும் மட்டும் நாற்காலியில் அமர்ந்து பேசினால், அப்படம் குறையுடைய படமாகவே முடியும். அவரைப் பெயர் சொல்லி அழைத்து, அருகிருத்தி, அவர் கூறுவதை எழுதிக்கொள்ளுதல் அறமும் ஆகும், கணக்குக்கும் வேண்டியதாகும். எண்ணைப் பதமாக மாற்றித் தரும் அறிவு அவரிடத்தே உள்ளது.

அடுத்து, மண்ணின் அடுக்கு நம் வேலியோடு முடிவதில்லை. நம் தோட்டத்து மேட்டிலிருந்து இறங்கும் ஈரம் அண்டை நிலத்துப் பள்ளத்திற் சேர்கின்றது. அவர் கிணற்றில் இறைத்தால் நம் கிணற்றில் மட்டம் தாழ்கின்றது. அவர் எக்குலத்தவராயினும் இவ்வியல்பு மாறாது. ஆதலின் நம் சங்கம் வாங்கும் தராசையும் கருவியையும் நம்மவர்க்கு மட்டும் என்று பூட்டி வைத்தலாற் பயன் சிறிது. ஓர் ஓடையின் இரு மருங்கும் உள்ள நிலங்கள் அனைத்தையும் ஒரு படமாக வரைந்தால்தான் அப்படம் முழுமையுறும். சங்கம் தொடங்கி வைக்கட்டும். ஊர் முழுதும் பயன்கொள்ளட்டும். நம் முன்னோர் வெட்டிய குளங்களில் நீர் குடித்தாரைக் குலம் கேட்டு விலக்கிய காலமும் இருந்தது. அதனை இக்காலத்துக் கருவிகளிடத்தும் தொடர்தல் நமக்குப் பழியாகும்.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. மிச்சப்பட்ட நீரை என் செய்வது என்பதை முன்னரே முடிவு செய்தல் வேண்டும். ஏக்கருக்கு ஆறு மணி நேரம் மிச்சமாயிற்று என்று மகிழ்ந்து, அந்நீரைக் கொண்டு மேலும் ஓர் ஏக்கர் வாழை வைத்தால், நிலத்தடி நீர் முன்னைப் போலவே குறையும். ஒரோவழி முன்னினும் மிகுதியாகக் குறையும். சிக்கனக் கருவிகள் புகுந்த பல நாடுகளில் இவ்வாறே நிகழ்ந்துள்ளது. மோட்டார் நிற்கும் நேரம் நின்றதாகவே இருத்தல் வேண்டும். அந்நேரத்தில் நிலத்தில் தங்கும் நீர் நம் பேரர்க்கு நாம் வைக்கும் வைப்பு. இதற்கு ஒருவர் மட்டும் உறுதி கொண்டாற் போதாது. அண்டை அயலார் அனைவரும் ஒருங்கே கூடி உறுதி கொள்ள வேண்டும். அத்தகைய உடன்பாட்டைச் செய்விக்கும் ஆற்றல் கருவிக்கு இல்லை, சங்கங்களுக்கு உண்டு. திருமணத்தில் வீண்செலவைக் குறைப்போம் என்று தீர்மானம் இயற்றும் சங்கம், வயலில் வீண்நீரைக் குறைப்போம் என்றும் ஒரு தீர்மானம் இயற்றுதல் தகும்.

பெரியோர்களே! ஈரம் என்னும் சொல்லுக்குத் தமிழில் நீர்ப்பசை என்பது ஒரு பொருள். அன்பு என்பது மற்றொரு பொருள். ஈரமில்லாத நெஞ்சு என்று கொடியவரைக் கூறுகின்றோம். இவ்விரு பொருளையும் ஒரு சொல்லில் வைத்த மொழியைப் பேசும் நாம், மண்ணின் ஈரத்தை அளக்கப் புகும்போது மற்றை ஈரத்தையும் கைவிடாதிருப்போமாக. வரும் பருவத்தில் இரண்டு தோட்டங்களிலேனும், நம்மவர் தோட்டம் ஒன்று, அண்டைச் சமூகத்தார் தோட்டம் ஒன்று என, இம்முறையைச் செய்து பார்த்து, கண்டவற்றை நம் இதழில் வெளியிடுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றேன். எழுதித் தரும் வேலையை யான் ஏற்றுக்கொள்வேன்.  உழவு வாழ்க! உலகு வாழ்க!